ஊடு கட்ட இன்ஜினியர் எதுக்கு?

குழிக்குள்ளிருந்து என் மகளின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. பழைய துப்பட்டா ஒன்றைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கொஞ்ச நேரமாகக் கடப்பாரைச் சத்தம் 'ணங், ணங்' என்று வந்துகொண்டிருந்தது. மண்ணில் கடப்பாரை இறங்கினால் 'சொத்' என்றுதான் கேட்க வேண்டும். இது இரும்புச் சட்டியில் கரண்டி படுகிற சத்தம். மேலே நின்ற மூன்று பேருக்கும் அது புரிந்தது.

சத்தம் நின்றது. ஒரு கை மேலே வந்தது. உள்ளங்கையில் கறுப்பாக, பொத்தல் பொத்தலாக, அடிப்பிடித்துக் கருகிய பணியாரம் போல ஒரு கட்டி.

"அம்மா, இத்த பாரேன். இது மண்ணே இல்ல."

வாங்கினேன். அவ்வளவு சின்னக் கட்டிக்கு அந்தக் கனம் அதிகம். முகர்ந்து பார்த்தேன். அணைந்த தீக்குச்சி வாடை. வருஷக்கணக்காக என் ஜன்னலைத் தாண்டி லாரி லாரியாகப் போன வாடை.

"இது ஸ்லாக்கு," என்றேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

போன வாரம் விட்டுப்போனது

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் மனை வாங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த எங்கள் சபை அம்மா ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் எழுதனே ரூத்து. இன்ஜினியர் வெச்சியா, வெக்கலியா, அத்த எழுதலியே? எம் புள்ள அடுத்த மாசம் ஊட்டுக்குக் கடக்கால் போடறான்."

வைத்தோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழி நேர் வழி இல்லை. அதனால், 'எழுதறேங்க்கா' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் எடைமேடையில் வேலை பார்த்தவள் நான். லாரியைச் சரக்கோடு நிறுத்தி ஓர் எடை, காலியாக நிறுத்தி ஓர் எடை, கையில் ஒரு சீட்டு. என் வீட்டுக்காரர் தேவராஜ் அதே ஆலையில் ஃபிட்டர். எங்கள் இருவரின் அப்பாக்களும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். இரண்டு குடும்பத்திலும் சொந்தப் பேரில் மண் வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான்.

அந்த மண்ணில்தான் கடப்பாரை 'ணங்' என்றது.

மேஸ்திரி என் அண்ணன் முறை

குழியோரம் நின்ற மேஸ்திரியின் பெயர் ஜெயபால். என் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். எனக்கு அண்ணன் முறை. எங்கள் மனை இருக்கிற தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. அவருடைய சொந்த வீடும் அங்கேதான், கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அவருக்கு ஒரு பழக்கம். பேசும்போது பக்கத்தில் இருக்கிற சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே பேசுவார், மாட்டுக்காரர் மாட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி. வீடு கட்டும் பேச்சை நாங்கள் எடுத்த அன்றைக்கும் எங்கள் வாடகை வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டேதான் கேட்டார்.

"இன்ஜினியரா? எதுக்கு தங்கச்சி? இந்தத் தெருவுல நான் எத்தினி ஊடு கட்டிகீறேன். ஒண்ணாவது வுழுந்துச்சா?"

விழவில்லைதான்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைக் கோபித்துக்கொண்டார். "மாமாவ வெச்சிக்கினு வெளியாள இட்டாந்தா அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது? சொந்தம் வேணுமா, வேணாமா?"

அவருடைய கவலை அதோடு முடியவில்லை. எங்கள் மனை ரயில் பாதைக்குப் பக்கம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அந்த வண்டியில் ஷிஃப்டுக்குப் போய் வந்த மனிதர். முன்பக்கம் இரண்டு உருண்டைத் தூண், மேலே ஒரு வளைவு, ரோஸ் கலர் டைல்ஸ். ரயிலில் போகிற ஒவ்வொருத்தனும் 'தேவராஜ் ஊடு' என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ஜெயபால் அண்ணன் அந்த வளைவைச் சும்மா கட்டித் தருவார். இன்ஜினியர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்பது அவர் பயம்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஊட்லயே ஒரு இன்ஜினியர் கீது. அத்தவுட்டு எதுக்கு வெளிய போவணும்?"

எங்கள் மகள் பிரிஸ்கில்லா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் இன்ஜினியர் இல்ல நைனா. நான் செக்கிங்."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

பிரிசியின் படிப்பு

பிரிசி படித்தது சிவில். பாஸ் பண்ணிய கையோடு வேலை தேடினாள். ஒரு இடத்தில் சைட்டுக்குப் பெண்கள் வேண்டாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் அனுபவம் இருந்தால் வா என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று இவள் கேட்டதற்கு, அங்கே உட்கார்ந்திருந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். கடைசியில் செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகளை வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

புத்தகங்களை ஒரு சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். நாங்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கேட்டுக் கேட்டு அலைந்தது

எனக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் தூக்கம் பிடிக்காது. இன்ஜினியர் என்றால் என்னதான் செய்வார்? மேஸ்திரி கட்டுகிறார், கம்பி கட்டுகிறவர் கம்பி கட்டுகிறார், இவர் எதற்கு? வீடு கட்டிய ஆட்களையெல்லாம் கேட்டேன். எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரில் மீன் விற்கிற விக்டோரியா அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"என் தம்பி இன்ஜினியர் வெச்சுக் கட்டனான், ஒழுவுது. நான் வெக்காம கட்டனேன், ஒழுவுது. மழைக்கு இன்னா தெரியும், யார் கட்டுனதுன்னு?"

பிறகு வீட்டில் சொல்லாமல், கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த ஓர் ஆபீசுக்குப் போனேன். நல்ல மனிதர். டீ வரவழைத்தார். மனையின் நீளம், அகலம் கேட்டார். டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன் எல்லாம் வந்துவிட்டது. சோபா கூடப் போட்டிருந்தார்.

"மனைய வந்து பாக்க வேணாங்களா சார்?"

"ப்ளானுக்கு அளவு போதும்மா. மனை எங்கே ஓடிடப் போகுது?"

படியிறங்கும்போது எனக்கு வேறொரு ஆள் ஞாபகம் வந்தார். எங்கள் எடைமேடை ஒரு மழைக்காலத்தில் கிறுக்குப் பிடித்து ஆடியது. காலி லாரியைச் சரக்கு லாரி என்றது. அதைச் சரி பண்ண சென்னையிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நேராகப் போய் மேடைக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டார். வெகுநேரம் ஆளையே காணோம். குனிந்து, "இன்னா சார் பாக்கறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் புரியலைங்க. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார். கடைசியில் பார்த்தால், மேடைக்கும் சுவருக்கும் நடுவில் சேறு இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் எடை சரியாகிவிட்டது.

அவர் மாதிரி அடியில் படுத்துப் பார்க்கிற ஆள் வீட்டு வேலைக்கும் இருப்பாரா என்று அன்றைக்கு ரொம்ப யோசித்தேன்.

வீட்டில் பிரிசியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"மனையப் பாத்தாரா?"

"இல்ல."

"குழி தோண்டிப் பாக்கச் சொன்னாரா?"

"அதுவும் இல்ல."

தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அடுத்த வீக் ஆஃபுக்கு மனையாண்ட போலாம்மா. நம்ம ஊட்ல கடப்பாரை கீதா?"

இரண்டாவது குழி

இப்படித்தான், நானும் என் வீட்டுக்காரரும் ஜெயபால் அண்ணனும் மேலே நின்று பார்க்க, அவள் குழிக்குள் இறங்கினாள். நான் ஸ்லாக் என்று சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

உலையில் இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கிற கசடுதான் ஸ்லாக். அதை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவார்கள். எந்தெந்த ஆலையிலிருந்தோ வந்த கசடும், இடித்த வீட்டுச் செங்கலும், பிளாஸ்டிக் பையும் கலந்து எங்கள் மனையின் முன்பக்கத்தை மேடாக்கியிருந்தன. மேலே மட்டும் செம்மண், பிஸ்கட் மேல் தடவிய க்ரீம் மாதிரி.

ஜெயபால் அண்ணன் அசரவில்லை. "ஸ்லாக்குன்னா இன்னா, இரும்போட தம்பி. கல்லு மாதிரி நிக்கும். இது மேல கட்டுனா ஊடு அசையாது."

என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

"தெரியல மாமா," என்றாள் பிரிசி.

"தெரியலன்னா வுடு பாப்பா."

"தெரியலன்னா எப்படி மாமா வுடறது?"

அவள் குழியிலிருந்து ஏறி, கைகளை உதறிவிட்டு, மனையின் பின் மூலைக்கு நடந்தாள். அங்கே இன்னொரு குழி. இந்தத் தடவை கடப்பாரை 'சொத்' என்றது. முழங்கால் ஆழம் போவதற்குள் பழுப்பு நிறத்தில் நல்ல களிமண் வந்துவிட்டது, கையில் உருட்டினால் உருளுகிற மண்.

முன்னால் ஆள் உயரத்துக்குக் குப்பை. பின்னால் முழங்கால் ஆழத்தில் பூமி. ஒரே மனை.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, அவள் மேல் பாய்ந்தேன். "அவ்ளோ படிச்சியே, இதுக்கு இன்னா பண்றதுன்னு தெரியாதா?"

அவள் கோபப்படவில்லை. "களிமண்ணப் பத்தி படிச்சிருக்கேன். மணலப் பத்தி படிச்சிருக்கேன். லாரில வந்து கொட்டுனதப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லித் தரலம்மா. இத்த பாத்துப் பழகினவங்க யாராவது வேணும்."

அன்றைக்குச் சாயங்காலம் கல்லூரியில் தனக்கு மண் லேப் எடுத்த மேடத்துக்குப் போன் செய்தாள். படிப்பு முடிந்த பிறகு அவள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குமரேசன் சார்

மேடம் சொன்ன ஆளின் பெயர் குமரேசன். மீஞ்சூரில் இருந்தார். மேடாக்கின நிலங்களில் குடோன்களும் வீடுகளும் கட்டியவர். ஒரு ஸ்கூட்டரில் டிபன் பாக்ஸோடு வந்தார். 'வணக்கம்' சொன்னார், சட்டைக் கையை மடித்தார், குழிக்குள் இறங்கிவிட்டார். எனக்குப் பாதி மனசு அப்போதே ஆறிவிட்டது.

மேலே வந்து இரண்டு குழியிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முன்குழியில் தண்ணீர் உடனே காணாமல் போனது. பின்குழியில் அப்படியே நின்றது.

"ரெண்டாவது குழி யார் தோண்டச் சொன்னது?"

"பொண்ணுதான் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பிரிசியைப் பார்த்தார். "எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"செல்போன் ஃபேக்டரில சார். செக்கிங்."

"சரி. அந்த டேப்பைப் பிடிங்க."

இரண்டு பேரும் அளந்தார்கள். ஜெயபால் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். குமரேசன் சார் அவரிடம் போனார்.

"மேஸ்திரி, லே அவுட் போடறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது?"

"குட்டை," என்றார் அண்ணன் வேண்டாவெறுப்பாக. "ரோட்டோரமா நீட்டுக்குப் போவும். எரும வுழுந்து கெடக்கும்."

"எது வரைக்கும்?"

அண்ணன் கையை நீட்டினார். அந்தக் கை எங்கள் மனையின் முன்பக்கத்தில் தொடங்கித் தெருவின் ஒரு வரிசை முழுக்கக் காட்டிவிட்டு இறங்கியது.

"இந்த வரிசையில நீங்க கட்டின வீட்டுல எதுலயாவது விரிசல் இருக்கா?"

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "என் கை வேலைல கொற சொல்லத்தான் இட்டாந்தீங்களா தங்கச்சி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வேலையைக் கேக்கல மேஸ்திரி. மண்ணைத்தான் கேக்கறேன்," என்றார் குமரேசன் சார்.

அண்ணன் திரும்பி நடந்தார். முடிந்தது, சொந்தம் அறுந்தது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரிசி கையில் டேப்போடு அப்படியே நின்றாள்.

பீரோவுக்குப் பின்னால்

அண்ணன் தன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு கையசைத்துக் கூப்பிட்டார்.

"வாங்க சார். இப்படி வாங்க."

ஹாலில் ஒரு பெரிய இரும்பு பீரோ. "தேவராஜு, அந்தப் பக்கம் புடி," என்றார். இருவரும் தள்ளினார்கள். பின்னால் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். அதன் மேல் வரிவரியாகப் பசை தடவிப் பட்டி பார்த்திருந்தது. ஒவ்வொரு வரியும் வெள்ளையில் ஒவ்வொரு மாதிரி. அத்தனைக்கும் நடுவில், ஒரு விரல் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல் மறுபடி வாயைத் திறந்திருந்தது.

என் நாத்தனார் அடுக்களை வாசலில் நின்றபடி சொன்னார்: "வருசா வருசம் கிறிஸ்மஸுக்குப் பெயின்ட் அடிக்கறப்போ அடைச்சிடுவாரு. அடுத்த மழைக்குத் திரும்ப வந்துடும். வெளிய சொல்லாதன்னுவாரு."

அண்ணன் சுவரைத் தட்டவில்லை. அதன் முன்னால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இத்த நான் யாராண்ட சார் கேக்கறது? எல்லாரும் என்னாண்டதான் கேக்கறாங்க."

அத்தனை வருஷம் அந்த மனிதர் இந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்திருக்கிறார். எங்கள் எல்லோரையும்விட ஓர் இன்ஜினியர் தேவைப்பட்டது அவருக்குத்தான்.

குமரேசன் சார் விரிசலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். வெளியே போய்ச் சுற்றி வந்தார். பிறகுதான் பேசினார்.

"உங்க வீட்டுல பாதி குட்டை மேல நிக்குது மேஸ்திரி. பாதி கெட்டி மண்ணுல நிக்குது. ஒரு கால் மெத்தையிலயும் ஒரு கால் தரையிலயும் வெச்சு நின்னா எப்படி இருக்கும்? அதோட, சில ஸ்லாக் தண்ணி பட்டா ஊதும். வருஷக்கணக்கா ஊதும்."

"கல்லு ஊதுமா?" அண்ணனின் குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"கண்ணால பாக்கற வரைக்கும் நானும் நம்பல. உங்க கட்டு வேலை சுத்தமா இருக்கு. வேற கட்டா இருந்திருந்தா இந்நேரம் ஜன்னலே கழண்டிருக்கும்."

அண்ணன் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சுவர் இன்னும் அசைகிறதா, அடங்கிவிட்டதா என்று தெரிய வேண்டும் என்றார் குமரேசன் சார். மெல்லிய கண்ணாடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பழைய போட்டோ ஃபிரேம் ஒன்றின் கண்ணாடி கிடைத்தது. அதில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்டால் ஒட்டச் சொன்னார். ஒட்டியது பிரிசி. பூதக்கண்ணாடிக்குக் கீழே தகடு பார்த்துப் பழகிய கை அது.

"சுவர் அசைஞ்சா இது உடையும். அசையலன்னா உடையாது. அது தெரியற வரைக்கும் பட்டி பாக்காதீங்க," என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம்.

நகர்ந்த வீடு

எங்கள் மனைக்குக் குமரேசன் சார் இரண்டு வழி சொன்னார். முன்பக்கம் முழுக்கத் தோண்டி, கசடை வாரிக்கொட்டிவிட்டுப் பழைய பூமி வரைக்கும் போவது ஒன்று. வீட்டைச் சின்னதாக்கி, கெட்டி மண் இருக்கிற பின்பக்கத்துக்கு நகர்த்திவிடுவது இன்னொன்று. எங்களால் ஆனது இரண்டாவதுதான்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு மனையில் ரோட்டோரமாகத் தனியே நின்றுகொண்டிருந்தார். ஒரு லோக்கல் வண்டி போனது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் கட்டினால் பக்கத்து வீடுகள் மறைத்துவிடும், ரயிலிலிருந்து தெரியப்போவது மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் மட்டும்தான். கொஞ்ச நாள் என்னிடமும் பிரிசியிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பெயின்ட் கடையில் விலை விசாரித்துவிட்டு வந்து, "டேங்குக்கு ரோஸ் கலர் அடிக்கலாமா?" என்று கேட்டார். அடித்தோம்.

வீட்டைக் கட்டியது ஜெயபால் அண்ணன்தான். கடக்கால், பீம், தளம் என்று முக்கியமான கட்டங்களில் குமரேசன் சார் வந்து பார்த்தார். சண்டை இல்லாமல் இல்லை. ஒருமுறை கட்டிய கம்பியை அவிழ்க்கச் சொன்னதற்கு, "பேஜாரு புடிச்ச ஆளும்மா," என்று அண்ணன் வெளியே போய் பீடி பற்ற வைத்தார். படிக்கட்டு விஷயத்தில் அண்ணன் சொன்னதே சரி என்று சார் தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார். ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் காது கொடுத்தார். அது போதுமாக இருந்தது.

சபை அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இன்ஜினியர் வையுங்கள். ஆனால் முதலில் மனைக்கு வந்து குழியில் இறங்குகிறாரா என்று பாருங்கள்.

கண்ணாடி

நாங்கள் குடிபோன பிறகும் எங்கள் தெருவின் பேச்செல்லாம் அண்ணன் வீட்டுக் கண்ணாடியைப் பற்றித்தான். பால் ஊற்ற வருகிறவர்கூட எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, ஒடஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். முதல் மழை வந்தது. உடையவில்லை. அடுத்தடுத்து மழை வந்தது. உடையவில்லை. அண்ணனுக்கு அதில் சந்தோஷமா, ஏமாற்றமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு, புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லி, இரவும் பகலும் விடாமல் ஒரு மழை பெய்தது. அது ஓய்ந்து தூறலாக மாறிய ஒரு பிற்பகலில் என் போன் அடித்தது. எடுத்து 'அலோ' சொல்வதற்குள் அண்ணனின் குரல்.

"தங்கச்சி! ஒடஞ்சிடுச்சி! கண்ணாடி ஒடஞ்சிடுச்சி!"

பேரப்பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவர் குரல் அப்படித்தான் இருக்கும். "பாப்பாவுக்குப் போட்டேன், எடுக்கல. ஃபேக்டரில போனை வாங்கி வெச்சிப்பாங்களாமே. வந்த ஒடனே அனுப்பு."

பிரிசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். அவள் வீட்டுக்குள் நுழையவே இல்லை. கம்பெனி யூனிஃபார்மோடு, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நானும் குடையோடு பின்னால் ஓடினேன்.

கண்ணாடி நடுவில் சுத்தமாக இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. அண்ணன் டார்ச் பிடித்தார். பிரிசி முகத்தைச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கீழேதான் இடைவெளி அதிகம் என்றாள்.

"இப்ப இன்னா பண்ணலாம் பாப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

அந்த மனிதர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிரிசியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கழுத்துக் கார்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"தெரியல மாமா. மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கலாம். அப்புறம் சாருக்குப் போன் போடலாம்."

இருவரும் தூறலில் வெளியே போனார்கள். நாத்தனார் காபி போட்டு எடுத்துவந்து கூப்பிட்டுப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. டார்ச் வெளிச்சம் வீட்டைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் போய் நின்றது. மொட்டை மாடித் தண்ணீரெல்லாம் ஒரே பைப்பில் இறங்கி, சுவர் ஓரத்திலேயே கொட்டி, அங்கேயே பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது, விரிசலுக்கு நேர் வெளியே.

"இத்த நான்தானே வெச்சேன்," என்றார் அண்ணன். பைப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தார். அது சுவரிலிருந்து கழன்று, தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் இருவர் தலையிலும் கொட்டியது. பிரிசி தொப்பலாக நனைந்து நின்றுகொண்டு சிரித்தாள். அவளோடு அண்ணனும் சிரித்தார்.

மறுநாள் குமரேசன் சார் வந்து பார்த்து, பைப்பைத் தெருக் கால்வாய்க்குத் திருப்பச் சொன்னார். சுவர் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் சிமென்ட் தளம் சரிவாகப் போடச் சொன்னார். வீட்டை இடிக்க வேண்டியதில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். போகும்போது பிரிசியிடம், வீக் ஆஃப் நாட்களில் தன்னோடு சைட்டுக்கு வரத் தோதுப்படுமா என்று கேட்டார். தோதுப்பட்டது. மற்ற நாட்களில் இன்னமும் கம்பெனி பஸ்தான்.

விரிசலுக்குக் குறுக்கே புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறாள். பீரோ இப்போது எதிர்ச்சுவரில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை.

"அவ்ளோதானே பாப்பா? பட்டி பாத்துடலாமா?" என்று போன வாரம் அண்ணன் கேட்டார்.

பிரிசி விரல் நகத்தால் கண்ணாடியை லேசாகத் தட்டினாள்.

"இன்னும் ரெண்டு மழ பாக்கலாம் மாமா."